செவுடன் என்கிற கலைவாணன்

மேட்டுக்கொட்டாய்,
12.6.2024

செவுடா,

நலமா என்று கேட்டு எழுத மாட்டேன். நீ நலமாக இல்லை என்பதை நேரில் பார்த்துவிட்டு வந்தவள் நான்.

போன வாரம் உன்னைப் பார்க்க வந்தோமே, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நானும் உன் தங்கச்சி காவியாவும். போனைக் கையில் பிடித்துக்கொண்டு நான் பேசிக்கொண்டே இருந்தேன். வெள்ளாடு குட்டி போட்டதைச் சொன்னேன், மாமரத்தில் காய் நிற்காததைச் சொன்னேன். நீ எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாய். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "உன் ஆயா செத்துட்டாடா" என்றேன். அதற்கும் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினாய். காவியா பஸ்ஸில் தர்மபுரி வரைக்கும் அழுதுகொண்டு வந்தாள். நான் அழவில்லை. அழுவதற்கு முன்னால் எனக்குக் கோபம் வந்துவிடும், உனக்குத் தெரியும்.

அதனால்தான் எழுதுகிறேன். காவியா தான் எழுதித் தருவதாகச் சொன்னாள். அவள் எழுதினால் நான் சொல்வதில் பாதியை நல்ல வார்த்தையாக மாற்றிவிடுவாள். அறிவொளி வகுப்பில் சிலேட்டுப் பிடித்த கை இது. கோணலாக இருந்தாலும் நீயே படித்துக்கொள்.

விசயம் இதுதான். உன் காதுக்காகப் போட்ட ரிட்டை ஐகோர்ட்டில் தள்ளிவிட்டார்கள். வக்கீலம்மா பிரியதர்ஷினி காவியாவுக்குப் போனில் அனுப்பியிருந்தார். அவள் இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொன்னாள். ஜெயிலில் உன்னை யாரும் அடிக்கவில்லையாம். உனக்குப் பிறவியிலேயே காது கேட்காதாம். அதற்கு அத்தாட்சி என்ன தெரியுமா? உன் பேரு. செவுடன் என்கிற கலைவாணன் என்று போலீஸ்காரன் எழுதினானே, அந்தப் பேரு. ஜெயில் தரப்பில் இருந்து ஊருக்கு ஆள் அனுப்பி விசாரித்தார்களாம். "பிறந்ததிலிருந்தே செவுடன்தான்" என்று ஊரே சொன்னதாம். அதையும் சேர்த்து வைத்துவிட்டார்கள். அடிபட்டுத்தான் காது போனது என்பதற்கு ருசு இல்லை என்று ஜட்ஜு எழுதி முடித்துவிட்டார். வைத்தியமும் கிடையாது, விசாரணையும் கிடையாது.

உனக்கு முன்னால் உன் அம்மாவுக்குப் பிறந்த ரெண்டும் தொட்டிலோடு போயின. மூன்றாவதாக நீ பிறந்தபோது உன் அப்பன் ஆஸ்பத்திரிப் பக்கம்கூட வரவில்லை. அதை நான் மறக்கவில்லை. செவுட்டு முனியப்பன் கோயிலுக்கு உன்னைத் தூக்கிக்கொண்டு போனவள் உன் அம்மாவைப் பெற்ற நான்தான். அந்தச் சாமிக்குக் காது மந்தம், வெடி போட்டுவிட்டுத்தான் வேண்டுதலைச் சொல்ல வேண்டும். வெடி போட்டேன். எமன் வந்து கூப்பிட்டால் இந்தப் பிள்ளைக்குக் கேட்கக் கூடாது என்று சொல்லி, அந்தப் பேரை உனக்கு வைத்தேன். நீ பிழைத்தாய். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கலைவாணன் என்று எழுதிக்கொண்டார். ரேஷன் கார்டில் செவுடன்தான். பேரு வைத்தது தப்பு என்று காவியா சொல்கிறாள். நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு பேரைப் படித்துவிட்டு ஒரு மனுசனின் காதை முடிவு பண்ணினவர்கள்தான் தப்பு.

ஒரு மாதத்துக்குள் ரெண்டு ஜட்ஜு உட்காரும் பெஞ்சுக்கு அப்பீல் போடலாம் என்று வக்கீலம்மா சொல்கிறார். போடச் சொல்லிவிட்டேன். உன் வலது காதாவது நன்றாக இருக்கிறதா? உண்மையை எழுது.

உன் ஆயா,
காசியம்மாள்

*

மத்திய சிறை,
22.6.2024

அன்புள்ள ஆயா,

உன் கடிதம் பிரித்துப் படிக்கப்பட்ட பிறகு என் கைக்கு வந்தது. இதுவும் அப்படித்தான் உனக்கு வரும். நீ சாமர்த்தியமாக எழுதிவிட்டாய். யார் பேரையும் சொல்லித் திட்டவில்லை. ஆச்சரியம்தான்.

அன்றைக்கு நீ சொன்னது எதுவும் எனக்குக் கேட்கவில்லை. உன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ சிரிக்காமல் பேசினாய், நல்ல சேதி சொல்லும்போதுகூட நீ அப்படித்தான் பேசுவாய் என்பதால் தலையை ஆட்டினேன். நீ செத்துப்போனதற்கும் தலையாட்டினேன் என்று படித்தபோது முதலில் சிரித்தேன். அப்புறம் முடியவில்லை.

வலது காதைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். மறைத்துப் பயனில்லை. இடது காதில் ஒன்றுமே இல்லை, மோட்டார் ஓடுகிற மாதிரி ஒரு இரைச்சல் மட்டும் நிற்காமல் இருக்கிறது. அதில் வைத்த சீழ் உள்ளேயே பரவி வலது பக்கமும் மங்கிக்கொண்டு வருகிறது. வெளி ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை கூட்டிப்போனபோது அங்கே இருந்த டாக்டர், ஆபரேஷன் செய்தால் வலது காதையாவது காப்பாற்றலாம், தள்ளிப்போட்டால் அதுவும் போகும் என்று தாளில் எழுதிக் காட்டினார். திரும்பக் கூட்டிப்போக உத்தரவு வேண்டும் என்கிறார்கள். அந்த உத்தரவுக்காகத்தான் ரிட் போட்டோம்.

எப்படி அடிபட்டது என்று நீ என்னைக் கேட்டதே இல்லை. மனுவில் இருப்பதுதான், அதனால் எழுதினால் குற்றமில்லை. காலையில் ஆள் எண்ணும்போது வார்டர் ஒருவர் "டேய் செவுடா" என்று கூப்பிட்டார். வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் பதில் சொல்லவில்லை. மறுபடியும் கூப்பிட்டார். "பேரு கலைவாணனுங்க. அதைச் சொல்லிக் கூப்பிடுங்க" என்றேன். "செவுடனுக்கு எதுக்குடா காது" என்று சொல்லித்தான் அடித்தார். இடது காதில் கடைசியாகத் தெளிவாக விழுந்தது அதுதான்.

வக்கீலம்மா வந்திருந்தார். எழுதி எழுதிப் பேசிக்கொண்டோம். அப்பீலைக் கெடுவுக்குள் போட்டுவிடுவாராம். ஆனால் புதிதாக ஒன்றும் காட்டாமல் போனால் நிற்காது என்கிறார். நான் ஜெயிலுக்கு வருவதற்கு முன்னால் எனக்குக் காது கேட்டது, கூப்பிட்டால் திரும்பினேன், கேட்டதற்குப் பதில் சொன்னேன் என்று சத்தியம் பண்ணிச் சொல்ல ஊரில் ஆள் வேண்டும். நீ என் ஆயா, உன் வார்த்தையை எடுக்க மாட்டார்கள். வேறு யாராவது. ஓசூரில் வேலை செய்கிற அன்புவைக் கேட்டுப் பார். குள்ளம்மா ஆயாவிடம் சண்டைக்குப் போகாதே.

கலைவாணன்

*

மேட்டுக்கொட்டாய்,
3.7.2024

செவுடா,

சண்டைக்குப் போகாதே என்று எழுதியிருந்தாய். போனேன்.

குள்ளம்மா என் வூட்டுக்காரருக்குத் தங்கச்சியாகப் பிறந்ததிலிருந்து எனக்கு எதிராகத்தான் வாயைத் திறப்பாள். ஜெயில் ஆள் விசாரிக்க வந்தபோது ரேஷன் கடை வரிசையில் முதலில் நின்றவள் அவள். "என்னடி சொன்னே அந்த ஆளுகிட்ட?" என்று கேட்டேன்.

"நான் என்ன பொய்யா சொன்னேன்? அவன் பேரு செவுடன்தானேக்கா? பொறந்ததுல இருந்து செவுடன்தானே?"

"அவன் காதைப் பத்திக் கேட்டான்டி."

"காதையா கேட்டான்? நான் கார்டுல இருக்கற பேரைக் கேக்கறான்னு நெனச்சேன். வேற பேரு சொன்னா உன் அரிசியை நிறுத்திருவாங்கன்னுதான் அழுத்திச் சொன்னேன். பின்னாடி நின்னவங்களையும் சொல்லச் சொன்னேன்."

எனக்கு உதவி செய்கிறாளாம். என் ஆயுசில் அவள் எனக்குச் செய்த ஒரே உதவி இதுதான், அதுவும் இப்படிப் போய் முடிந்தது. சரி, இதையாவது கோர்ட்டில் சொல்லு, பேரைத்தான் சொன்னேன் என்று கையெழுத்துப் போடு என்றேன். அவள் முகம் மாறிவிட்டது. "மாதுவும் எனக்கு அண்ணன் மவன்தான்க்கா. அவனை அடிச்சவனுக்கு நான் கைநாட்டு வெச்சா, செத்தப்புறம் எங்கண்ணன் மூஞ்சில எப்படி முழிப்பேன்" என்றாள். வந்துவிட்டேன். அந்த இடத்தில் அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. மாது என் கொழுந்தனின் மகன். எனக்கும் அவன் வேற்று ஆள் இல்லை, இந்தக் கையால் சோறு ஊட்டி இருக்கிறேன்.

அன்பு போனை எடுத்தான். சேர்ந்து திரிந்த காலத்தில் நீ கிணற்றுக்கு அந்தப் பக்கம் இருந்து விசில் அடித்தால் இந்தப் பக்கம் பதில் விசில் கொடுப்பான். இப்போது கம்பெனியில் கேஸ் கீஸ் என்றால் வேலை போய்விடும் என்கிறான். உனக்குப் பாடம் சொன்ன வாத்தியார் கண்ணை மூடிவிட்டார். கொட்டாயில் மிச்சம் இருப்பதெல்லாம் பங்காளி வீடுகள். கூட்டுக் கிணற்றில் தண்ணி முறைக்காக மாதுவை மண்வெட்டிக் காம்பால் அடித்துக் கொன்றவன் என்றுதான் உன்னைப் பேசுகிறார்கள். யார் வருவார்கள்?

எனக்கு வயிறு எரிவது இதற்குத்தான். உனக்குப் பத்து வருசம் வாங்கிக் கொடுக்க மட்டும் ஆள் வந்தது. அந்தச் செல்லி வந்தாள். நான் போய்ப் பெண் பார்த்து, மாதுவுக்குக் கட்டிவைத்தவள். கூண்டில் ஏறி நின்று கூசாமல் சொன்னாளே, ஒரு எழுத்து எனக்கு மறக்கவில்லை: "நான் அவனுக்கு முதுகுப் பக்கமா வரப்புல நின்னுக்கிட்டு, டேய் செவுடா, வுடுடா, மாமனுக்கு மூச்சு வாங்குதுடான்னு கத்துனேனுங்க. அவன் நிறுத்திட்டு என்னைத் திரும்பிப் பாத்தானுங்க. நீ வூட்டுக்குப் போ அத்தைன்னு சொன்னானுங்க. சொல்லிட்டு மறுபடியும் அடிச்சானுங்க." அவ்வளவும் பொய். அன்றைக்குக் காலையில் அவள் ஆட்டுக்கிடாயை ஓட்டிக்கொண்டு காரிமங்கலம் சந்தைக்கு வண்டி ஏறினதை இந்தக் கண்ணால் பார்த்தேன். சந்தையில் இருந்தவள் வரப்பில் எப்படி நிற்பாள்? நானும் கூண்டில் ஏறிச் சொன்னேன். என் பேச்சை எடுக்கவில்லை, அவள் பேச்சை எடுத்தார்கள். திரும்பிப் பார்த்துப் பதில் பேசிவிட்டு அடித்தான், தெரிந்தேதான் அடித்தான் என்று தீர்ப்பிலும் எழுதினார்கள்.

அவள் வீட்டு வாசலை நான் மிதிப்பதில்லை. அவள் வருகிற வழியில் நான் போவதில்லை. சாகிற வரைக்கும் இப்படித்தான்.

காசியம்மாள்

*

மத்திய சிறை,
11.7.2024

ஆயா,

செல்லி அத்தை கூண்டில் சொன்னதாக எழுதினாய் அல்லவா, அந்த இடத்தை அப்படியே காவியாவிடம் கொடுத்து வக்கீலம்மாவுக்குப் படித்துக் காட்டச் சொல். காதுக் கேஸை எடுத்தவர் அவர், மாது மாமா கேஸை நடத்தியது பச்சியப்பன் வக்கீல். வக்கீலம்மாவுக்கு அது தெரிந்திருக்காது.

வேறு எழுதத் தோன்றவில்லை.

கலைவாணன்

*

மேட்டுக்கொட்டாய்,
20.7.2024

செவுடா,

நீ சொன்னபடி செய்தோம். காவியா போனை ஸ்பீக்கரில் போட்டாள். நான் சொல்லச் சொல்ல வக்கீலம்மா நடுவில் நிறுத்தி, "பாட்டி, அவன் திரும்பிப் பாத்தான்னு சாட்சி சொன்னாங்களா? பதில் பேசினான்னு சொன்னாங்களா? தீர்ப்புல அது இருக்கா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். இருக்கிறது என்றேன். உடனே தர்மபுரிக் கோர்ட்டில் நகல் எடுக்க ஆள் அனுப்பினார்.

நேற்று மறுபடியும் போன் வந்தது. முதலில் சந்தோசமாகத்தான் பேசினார். ஒரு கேஸில் இவனுக்குக் காது கேட்டது, பின்னால் இருந்து கூப்பிட்டதும் திரும்பினான் என்று சொல்லித் தண்டனை வாங்கிக் கொடுத்தது சர்க்கார். இன்னொரு கேஸில் இவன் பிறவிச் செவிடு என்று சொல்லித் தள்ள வைத்ததும் அதே சர்க்கார். ரெண்டில் ஒன்றுதான் நிஜமாக இருக்க முடியும். இதைப் பெஞ்சு முன்னால் வைத்தால் அப்பீல் நிற்கும் என்றார். எனக்கும் ஒரு நிமிசம் மனசு குளிர்ந்துபோயிற்று.

அதற்குப் பிறகுதான் மற்றதைச் சொன்னார். தண்டனைக்கு எதிராகப் போட்டிருக்கும் உன் அப்பீல் இன்னும் அங்கேயே கிடக்கிறது. அதில் நாம் என்ன சொல்லி இருக்கிறோம்? செல்லி அங்கே இல்லை, யாரும் கூப்பிடவில்லை, கைகலப்பில் தவறிப் பட்ட அடி என்று. அங்கே அவள் சொன்னது பொய், இங்கே அவள் சொன்னது நிஜம் என்று ஒரே ஆள் ரெண்டு விதமாகக் கையெழுத்துப் போட முடியாதாம். இங்கே நீ சத்தியப் பத்திரத்தில் "செல்லி கூப்பிட்டது எனக்குக் கேட்டது" என்று எழுதிக் கொடுத்தால், சர்க்கார் வக்கீல் அதைக் கையோடு எடுத்துப் போய் அங்கே வைப்பார். அந்த அப்பீல் அதோடு முடிந்தது. பத்து வருசமும் நிற்கும்.

"நான் இதைச் செய்யச் சொல்ல மாட்டேன், செய்ய வேண்டாம்னும் சொல்ல மாட்டேன். கலைவாணன்தான் சொல்லணும்" என்றார் வக்கீலம்மா.

நான் சொல்கிறேன். கையெழுத்துப் போடாதே.

காது போனால் போகட்டும். காது இல்லாதவர்கள் எத்தனை பேர் உழுது பிழைக்கிறார்கள். அந்த அப்பீலில் ஜெயித்தால் வூட்டுக்கு வந்துவிடுவாய். நீ வரும்போது நான் இருக்க வேண்டும். பத்து வருசம் நின்றால் நான் இருக்க மாட்டேன், அதை எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. உன்னை வளர்த்தது நான். என்னைத் தூக்கிப்போட நீதான் வர வேண்டும், போலீஸ் வண்டியில் இல்லாமல்.

அதோடு, செல்லி சொன்னது நிஜம் என்று என் பேரன் கையெழுத்துப் போட்டுவிட்டு, நான் இந்தக் கொட்டாயில் எப்படி நடப்பேன்? இத்தனை வருசமாக அவளைப் பொய்க்காரி என்று சொன்னவள் நான். தண்ணிக் குழாயடியில் சொன்னேன், கோயில் கூழ் ஊற்றும் இடத்தில் சொன்னேன். அவள் பதில் பேசினதே இல்லை. பொய் சொன்னதால்தான் வாயடைத்து நிற்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அவள் கூப்பிட்டது உனக்குக் கேட்கவில்லை என்று ஒரு வரி எழுது. போதும்.

ஆயா

*

மத்திய சிறை,
29.7.2024

அன்புள்ள ஆயா,

இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் வேறு சிலர் படிப்பார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

செல்லி அத்தை கூப்பிட்டது எனக்குக் கேட்டது.

நீ பார்த்தது பொய்யில்லை. அத்தை காலையில் சந்தைக்கு வண்டி ஏறினார்கள். கிடாய் விலை போகவில்லை, மதிய வண்டியில் திரும்பிவிட்டார்கள். கிடாயை வரப்பில் கட்டிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். பச்சியப்பன் வக்கீலிடம் இதைச் சொன்னேன். "உங்க ஆயா சந்தைன்னு சொல்றாங்க இல்ல, அதையே பிடிச்சுக்கோ, நீ வாயைத் தொறக்காத" என்றார். நான் திறக்கவில்லை. நீ கூண்டில் நின்று சத்தியம் பண்ணி, உனக்குத் தெரிந்த நிஜத்தைச் சொன்னாய். நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உன் ஞாபகத்தை வைத்துத் தப்பிக்கப் பார்த்தேன்.

அன்றைக்கு நடந்ததை எழுதிவிடுகிறேன். என் முறைக்கு மாமா மோட்டாரை நிறுத்தவில்லை. தக்காளி வாடி நின்றது. வாய்ச்சண்டையில் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார். முதல் அடி ஆத்திரத்தில் விழுந்தது. அதை யார் வேண்டுமானாலும் தவறிப் பட்டது என்று சொல்லலாம். அப்போதுதான் அத்தை கூப்பிட்டார்கள். திரும்பினேன். அவர்கள் மூஞ்சியைப் பார்த்தேன். வூட்டுக்குப் போ அத்தை என்றேன். ரெண்டாவது அடியைத் தவறிப் பட்டது என்று சொல்ல முடியாது ஆயா. நிறுத்து என்று சொன்னது கேட்ட பிறகு அடித்த அடி அது.

எமன் கூப்பிட்டால் கேட்கக் கூடாது என்று எனக்குப் பேரு வைத்தாய். அன்றைக்குக் கூப்பிட்டது எமன் இல்லை. இத்தனை வருசமாகக் கேட்காத மாதிரி இருந்தேன். இப்போது நிஜமாகவே கேட்காமல் போகப் போகிறது. அதற்கு முன்னால் கேட்டது என்று ஒருமுறையாவது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

வலது காதுக்காகக் கையெழுத்துப் போடுகிறேன் என்று நீ நினைத்தால் நினைத்துக்கொள். அதுவும் பொய்யில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. பக்கத்தில் படுத்திருப்பவர் இருமுவது கேட்பதில்லை. சாப்பாட்டுக்கு மணி அடித்தால் மற்றவர்கள் எழுந்திருப்பதைப் பார்த்து எழுந்திருக்கிறேன். நீ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று திட்டினால்கூட எனக்குத் தெரியாது.

ஆனால் என்னை அடித்தவர் செய்தது தப்பு என்று ரெண்டு ஜட்ஜு முன்னால் நான் சொல்ல வேண்டும் என்றால், நான் செய்ததை மறைத்துக்கொண்டு சொல்ல முடியவில்லை. வக்கீலம்மாவிடம் பத்திரத்தை அனுப்பச் சொல்லிவிட்டேன்.

நீ என்னோடு பேச மாட்டாய் என்று தெரியும். கோபம் வந்தால் நீ எத்தனை வருசம் தாங்குவாய் என்றும் தெரியும். ஆனாலும் எழுது.

உன் பேரன்,
கலைவாணன்

*

மேட்டுக்கொட்டாய்,
6.9.2024

செவுடா,

உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. நான் எழுதாமல் இருந்தது வேலை இருந்ததால் இல்லை. எழுத உட்கார்ந்தால் வசவுதான் வந்தது. அதை உள்ளே இருப்பவர்கள் படித்துச் சிரிக்க வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

சேதி உனக்கு முன்பே வந்திருக்கும். இருந்தாலும் எழுதுகிறேன். பெஞ்சு உன் காது அப்பீலை ஏற்றுக்கொண்டது. காவியா அன்றைக்கு லீவு போட்டுவிட்டுச் சென்னைக்குப் போய் உட்கார்ந்து பார்த்தாள். வக்கீலம்மா ரெண்டு தாளையும் அருகருகே வைத்து, முதல் தாளில் இவனுக்குக் காது கேட்கிறது, ரெண்டாவது தாளில் கேட்கவில்லை, நடுவில் இருப்பது ஜெயில் மட்டும்தான் என்றாராம். சர்க்கார் வக்கீல் உன் பேரைப் பற்றி ஆரம்பித்தாராம். பேரைக் கேட்கவில்லை, காதைக் கேட்கிறேன் என்று பெரிய ஜட்ஜு நிறுத்திவிட்டாராம். தள்ளுபடி ரத்து. காதுக் கேஸ் மறுபடியும் முதலில் இருந்து நடக்கும். அதுவரைக்கும் காத்திருக்காமல் உன்னைச் சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் வலது காதுக்கு வைத்தியம் பண்ண வேண்டும் என்று உத்தரவு.

மற்றதும் எழுதுகிறேன். நீ போட்ட கையெழுத்தின் நகலை உன் தண்டனை அப்பீலிலும் வைத்துவிட்டார்கள். அதில் இனிமேல் ஒன்றும் இல்லை என்று வக்கீலம்மா சொல்லிவிட்டார். எனக்குத் தெரிந்ததுதான். திரும்பச் சொன்னபோதும் வலித்தது.

நான் செல்லி வீட்டுக்குப் போனேன்.

யாரும் போகச் சொல்லவில்லை. காவியாவுக்கும் சொல்லவில்லை. வாசலில் தக்காளியைக் கூடைகளில் பிரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. நான் நின்றுகொண்டே சொன்னேன்: "நீ சந்தைக்கு வண்டி ஏறினதைப் பாத்தேன். எறங்குனதைப் பாக்கலை."

அவள் குனிந்து ஒரு தக்காளியை எடுத்தாள்.

"செவுடன் எழுதியிருக்கான். நீ கூப்பிட்டது கேட்டுச்சாம்."

கையில் இருந்த தக்காளியைக் கூடையில் வைத்தாள். எதில் வைக்க வேண்டும் என்று தெரியாமல் எடுத்து வேறு கூடையில் வைத்தாள். "நான் கூப்பிட்டதே இல்லைன்னு நீங்க சொல்லிச் சொல்லி, எனக்கே சந்தேகம் வந்துருச்சு அத்தை" என்றாள். "கத்துனமா, கத்தணும்னு நெனச்சமா, இன்னுங் கொஞ்சம் சத்தமாக் கத்தியிருந்தா விட்டிருப்பானான்னு. ஒவ்வொரு நாளும் அதேதான். கேட்டுச்சா அவனுக்கு?"

கேட்டது என்றேன்.

"அப்போ என் தொண்டையில குறையில்லை" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். ஒரு சொம்பில் தண்ணி கொண்டு வந்து திண்டில் வைத்தாள். என் கையில் கொடுக்கவில்லை. நானாக எடுத்துக் குடித்தேன். வந்துவிட்டேன்.

நாங்கள் ஒன்று சேர்ந்துவிட்டோம் என்று நினைக்காதே. அவள் என் பக்கம் வரவில்லை, நானும் மறுபடியும் போகவில்லை. ஆனால் குழாயடியில் குள்ளம்மா அவளைப் பற்றி வாயைத் திறந்தபோது, "சும்மா கெட, அவ சொன்னது நெஜம்" என்றேன். குடத்தைப் போட்டுவிட்டு என்னையே பார்த்தாள். குடம் உருண்டு போனதுகூடத் தெரியவில்லை அவளுக்கு.

முனியப்பன் கோயிலுக்கும் போய் வெடி போட்டேன். எதையும் வேண்டவில்லை. நடந்ததைச் சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது உன் விசயம். இத்தனை வருசம் செல்லி மேல் வைத்திருந்த கோபத்தை நான் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? அவள் மேல் இனி வைக்க முடியாது. எனக்குக் கோபம் இல்லாமல் பழக்கமும் இல்லை. எல்லாம் சேர்ந்து உன் மேல் வந்து நிற்கிறது. மாதுவுக்காக ஒரு பங்கு, செல்லிக்காக ஒரு பங்கு, என்னைக் கூண்டில் நிற்க வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாயே, அதற்காகப் பெரிய பங்கு. எழுதிக் கொட்டலாம் என்றால் என் கை எழுத்துக் கூட்டுவதற்குள் கோபம் ஆறிவிடுகிறது. ஆறவிட எனக்கு மனசில்லை.

டாக்டர் சொல்வதைக் கேட்டு ஒழுங்காக வைத்தியம் பண்ணிக்கொள். ஆபரேஷன் ஆனதும் எழுது. நான் வருகிறேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று போனை எடுப்பேன். நீ வலது காதில் வைத்துக்கொள்.

தலையை ஆட்டக் கூடாது. நான் பேசுவது ஒரு வார்த்தை விடாமல் உனக்குக் கேட்க வேண்டும்.

காசியம்மாள்